போலீஸ்காரர் வீட்டுக் கதவு: ‘ஹோல்பி ப்ளூ’ ஏன் 20 எபிசோடில் நின்றது?

2007 மே 8 அன்று பிபிசி ஒன் சேனலில் ‘ஹோல்பி ப்ளூ’ என்றொரு தொடர் ஆரம்பித்தது. ஒரு போலீஸ் ஸ்டேஷன், அதில் வேலை பார்ப்பவர்கள், அவர்களுடைய வீடுகள். முதல் பருவத்தில் 8 எபிசோட், அடுத்த ஆண்டு 12 எபிசோட். மொத்தம் 20. அதோடு கதை முடிந்தது. 2008-இல் பிபிசி இனி தொடரப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது. பிரிட்டனிலேயே இன்று பெரும்பாலானவர்களுக்கு அது நினைவிருக்காது.

அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? நன்றாக ஓடும் இயந்திரத்தை வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. நின்றுபோன இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்தப் பல்சக்கரம் எதோடு சேர்கிறது என்பது தெரியும். டிவி தொடர்களும் அப்படித்தான். 20 எபிசோடில் நின்ற இந்தத் தொடரைப் பிரித்தால் இரண்டு விஷயங்கள் புரிகின்றன. ஒன்று, குடும்பத் தொடர் என்பது எப்படி ஓடுகிறது. இரண்டாவது இதைவிட முக்கியம்: போலீஸ்காரர் வீட்டுக்குள் கேமரா போகலாமா, போனால் யார் பக்கம் நிற்க வேண்டும் என்ற கேள்வி. பிரிட்டிஷ் டிவி இந்தக் கேள்வியோடு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

ஹோல்பி என்ற ஊர்

ஹோல்பி என்று ஒரு ஊர் நிஜத்தில் கிடையாது. 1986-இல் பிபிசி ஆரம்பித்த ‘கேஷுவல்டி’ என்ற மருத்துவமனைத் தொடருக்காகக் கற்பனை செய்த நகரம் அது. அந்தத் தொடர் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவில் நடக்கிறது. 1999 ஜனவரியில் அதே மருத்துவமனையின் மேல்மாடி வார்டுகளை வைத்து ‘ஹோல்பி சிட்டி’ என்ற கிளைத்தொடர் வந்தது. அது 2022 வரை, 23 ஆண்டுகள் ஓடியது.

ஒரு கிளை நன்றாகக் காய்த்தால் இன்னொரு கிளையை நட்டுப் பார்க்கத் தோன்றும், இல்லையா? அப்படி வந்ததுதான் ‘ஹோல்பி ப்ளூ’. அதே ஊர், ஆனால் மருத்துவமனைக்குப் பதில் ‘ஹோல்பி சவுத்’ போலீஸ் ஸ்டேஷன்.

உருவாக்கியவர் டோனி ஜோர்டன். சாதாரண ஆள் இல்லை. சந்தையில் கடை போட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், ‘ஈஸ்ட் எண்டர்ஸ்’ தொடருக்கு எழுத வந்து அதன் முக்கியமான எழுத்தாளர்களில் ஒருவரானார். பிறகு ‘ஹசில்’ தொடரை உருவாக்கினார். 2006-இல் பெரிதாகப் பேசப்பட்ட ‘லைஃப் ஆன் மார்ஸ்’ தொடரை உருவாக்கிய மூவரில் அவரும் ஒருவர். அதாவது குடும்பத் தொடரும் தெரியும், போலீஸ் கதையும் தெரியும். காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

நடிகர்கள் விஷயத்திலும் குறை சொல்ல முடியாது. துப்பறியும் பிரிவு இன்ஸ்பெக்டர் ஜான் கீனனாக கால் மக்கனின்ச். அவரைப் பிரிந்து வாழும் மனைவி கேட்டாக ஸோயி லக்கர். சீருடைப் பிரிவு இன்ஸ்பெக்டர் ஜென்னி பிளாக்காக கேசி எய்ன்ஸ்வொர்த். இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

முதல் எபிசோடை ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பார்த்தார்கள். கெட்ட தொடக்கம் இல்லை. அப்புறம் என்ன ஆனது?

சோப் எப்படி ஓடுகிறது

நாம் மெகா சீரியல் என்று சொல்வதன் பிரிட்டிஷ் உறவுக்காரர் ‘சோப்’. அமெரிக்க வானொலி நாட்களில் சோப்புக் கம்பெனிகள் காசு கொடுத்து நடத்தியதால் வந்த பெயர். பிரிட்டனில் இரண்டு பெரியவை: 1960 டிசம்பரில் ஆரம்பித்த ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’, 1985-இல் ஆரம்பித்த ‘ஈஸ்ட் எண்டர்ஸ்’. இரண்டும் இன்னும் ஓடுகின்றன.

இரண்டிலும் ஒரே மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கும். ஒரு தெரு அல்லது ஒரு சதுக்கம். அதில் ஒரு மதுக்கடை. கொரோனேஷன் ஸ்ட்ரீட்டில் அதன் பெயர் ‘ரோவர்ஸ் ரிட்டர்ன்’, ஈஸ்ட் எண்டர்ஸில் ‘குயின் விக்’. இந்த மதுக்கடையை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. கதையின் மையப் பல்சக்கரமே அதுதான். ஏனென்றால் குடும்பத் தொடரின் அடிப்படைத் தேவை, ஒருவரையொருவர் பார்க்க விரும்பாதவர்கள் தினமும் பார்த்துக்கொண்டே ஆக வேண்டும் என்பது. மாமியார், மருமகள், பிரிந்துபோன கணவன், கடன் கொடுத்தவன், கடனைத் திருப்பாதவன் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வந்து நிற்க ஒரு காரணம் வேண்டும். ‘ஒரு கிளாஸ் பீர் குடிக்க வந்தேன்’ என்பதைவிட எளிய காரணம் எது? எழுத்தாளர் ஒவ்வொரு முறையும் மூளையைக் கசக்கி ஒரு சந்திப்பைத் தயாரிக்க வேண்டியதில்லை. இடமே சந்திப்பைத் தயாரித்துக் கொடுக்கிறது.

இதை வைத்து மருத்துவமனையைப் பாருங்கள். அங்கே மதுக்கடையின் வேலையை வராந்தா செய்கிறது. நோயாளி வந்தால் கூடவே மனைவி, மகன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் வருவார்கள். டாக்டருடைய அம்மாவே நோயாளியாக வரலாம். அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து மேல்மாடி வார்டுக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் வண்டி போகிறது. அந்த வண்டியில் கதையும் சேர்ந்து போகிறது. ‘கேஷுவல்டி’யிலிருந்து ‘ஹோல்பி சிட்டி’ முளைத்தபோது வேர் பிடித்ததற்கு இந்த வண்டி ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

போலீஸ் ஸ்டேஷனில் இந்த வண்டி இல்லை. புகார் கொடுக்க வருபவர் வருவார், போவார். கைதானவர் வருவார், நீதிமன்றத்துக்குப் போவார். போலீஸ்காரரின் மனைவிக்கோ பிள்ளைக்கோ தினமும் அங்கே வர ஒரு காரணமும் கிடையாது. சொல்லப்போனால், வீட்டை வேலையிடத்திலிருந்து விலக்கி வைப்பதுதான் பல போலீஸ்காரர்களின் பழக்கம். பார்த்ததை எல்லாம் வீட்டில் வந்து சொல்லமாட்டார்கள். அவர்கள் சொல்லாமல் விழுங்குவதுதான் நாடகமே. ஆனால் சொல்லாமல் விழுங்குவதை வைத்து வாரா வாரம் ஒரு மணி நேரம் ஓட்டுவது சுலபமில்லை.

இன்னொரு சிக்கல், கடிகாரங்கள். போலீஸ் கதையின் கடிகாரம் வேகமானது. எட்டு மணிக்குக் குற்றம், ஒன்பது மணிக்கு ஆள் பிடிபட வேண்டும். குடும்பக் கதையின் கடிகாரம் மெதுவானது. ஒரு திருமணம் உடைய ஆறு மாதம் ஆகும், அந்த ஆறு மாதமும் பார்ப்பவர் கூடவே இருக்க வேண்டும். இந்த இரண்டு கடிகாரங்களையும் ஒரே சுவரில் மாட்டினால் எப்போதும் வேகமான கடிகாரத்தின் சத்தம்தான் காதில் விழும். துப்பாக்கியோடு ஒருவன் ஓடும்போது, விவாகரத்துப் பேச்சை யார் கவனிப்பார்?

கதவின் வரலாறு

இந்தச் சிக்கல் 2007-இல் புதிதாக முளைத்தது இல்லை. பிரிட்டிஷ் போலீஸ் தொடர்களின் வரலாறு முழுக்க இந்தக் கதவு திறந்து திறந்து மூடுகிறது.

1955-இல் பிபிசியில் ‘டிக்சன் ஆஃப் டாக் கிரீன்’ வந்தது. இதற்கு ஒரு வேடிக்கையான முன்கதை உண்டு. 1950-இல் வந்த ‘தி ப்ளூ லாம்ப்’ படத்தில் ஜார்ஜ் டிக்சன் என்ற வயதான கான்ஸ்டபிள் சுட்டுக் கொல்லப்படுவார். ஐந்து வருடம் கழித்து எழுத்தாளர் டெட் வில்லிஸ் அவரை டிவியில் உயிரோடு நடமாடவிட்டார். நடிகரும் அதே ஜாக் வார்னர்தான். 1976-இல் தொடர் முடிந்தபோது அவருக்கு 80 வயது. நிஜத்தில் எந்தக் கான்ஸ்டபிளும் அந்த வயதில் ரோந்து போகமுடியாது!

டிக்சனின் வீட்டுக் கதவு ஆரம்பத்திலிருந்தே திறந்துதான் இருந்தது. வீட்டில் மகள் மேரி. அவள் அதே ஸ்டேஷனில் இருக்கும் ஆண்டி கிராஃபோர்டைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். மாமனாரும் மருமகனும் ஒரே ஸ்டேஷன். அதாவது போலீஸ் குடும்பம் என்பது ஊருக்கு முன்னால் வைக்கப்பட்ட ஒரு நல்ல குடும்பம். கதவு திறந்தால் உள்ளே தேநீர் வாசம். வீட்டைப் பார்த்து ‘இவர்களை நம்பலாம்’ என்று நீங்கள் முடிவுசெய்ய வேண்டும். கதவைத் திறந்து வைத்ததன் நோக்கமே அது.

1962 ஜனவரி 2 அன்று அந்தத் தேநீர் கொட்டியது. ட்ராய் கென்னடி மார்ட்டின் என்ற இளம் எழுத்தாளர் அம்மைக்கட்டு வந்து படுத்திருந்தபோது, வானொலிப் பெட்டியில் போலீஸ் அலைவரிசைப் பேச்சைக் கேட்டாராம். டிக்சன் காட்டிய உலகத்துக்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே பிறந்ததுதான் ‘இஸட் கார்ஸ்’. லிவர்பூல் அருகே புதிதாக எழும்பிய கிர்க்பி போன்ற ஒரு ஊர், ரோந்துக் கார்கள், அவற்றில் நான்கு இளம் போலீஸ்காரர்கள்.

முதல் எபிசோடிலேயே கான்ஸ்டபிள் பாப் ஸ்டீலின் வீட்டுக்குள் போகிறோம். சுவரில் ஒரு கறை. வீசி எறிந்த சாப்பாடு பட்ட கறை. மனைவியின் கண்ணோரம் கன்றிப்போயிருக்கிறது. யார் அடித்தது என்று வசனத்தில் நீட்டி முழக்கத் தேவையே இல்லை.

இதற்கு வந்த எதிர்வினையைப் பாருங்கள். படப்பிடிப்புக்கு லங்காஷயர் போலீஸ்தான் ஒத்துழைப்பு கொடுத்திருந்தது. அந்தப் படையின் தலைமை அதிகாரி மறுநாளே லண்டனுக்குப் போய் பிபிசி அதிகாரிகளைப் பார்த்து, தொடரை நிறுத்தச் சொன்னார். பிபிசி நிறுத்தவில்லை. ஆனால் லங்காஷயர் போலீசுக்கு நன்றி சொல்லும் வரி பெயர்ப்பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது.

கவனியுங்கள், கோபம் எங்கிருந்து வந்தது? குற்றவாளி தப்பித்ததால் இல்லை, போலீஸ் லஞ்சம் வாங்கியதாகக் காட்டியதால் இல்லை. ஒரு சமையலறைச் சுவரில் இருந்த கறையால். வீட்டுக் கதவுதான் வலிக்கும் இடம் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

பிறகு 1980-இல் ‘ஜூலியட் பிராவோ’ வந்தது. உருவாக்கியவர் ட்ராய்க்குத் தம்பி, ஐயன் கென்னடி மார்ட்டின். லங்காஷயரில் ஒரு சின்ன ஊருக்கு ஸ்டேஷன் பொறுப்பாளராக ஒரு பெண் இன்ஸ்பெக்டர், ஜீன் டார்ப்ளே. வீட்டில் கணவர் டாம். இந்த முறை கதவைத் திறந்தால் வேறு ஒரு கேள்வி எதிரில் நின்றது: மனைவி சீருடை போட்டால் வீடு எப்படி மாறுகிறது?

1984-இல் ஐடிவி ‘தி பில்’ என்ற தொடரை ஆரம்பித்தபோது கதவைச் சாத்தியே விட்டார்கள். அதன் எழுதும் விதி ரொம்பக் கறாரானது: எல்லாம் போலீசின் கண் வழியாகத்தான் தெரிய வேண்டும், அவர்களுடைய வீட்டு வாழ்க்கைக்குள் கதை போகக் கூடாது. போலீஸ்காரர் வராத இடத்துக்குக் கேமராவும் வராது. இந்த விதியோடு அது பல ஆண்டுகள் நன்றாகவே ஓடியது. காரணம் மேலே சொன்னதுதான். சுவரில் ஒரே ஒரு கடிகாரம்தான் இருந்தது.

பார்ப்பவர்கள் குறையத் தொடங்கியபோது, 2002-இல் பால் மார்க்வெஸ் பொறுப்பேற்று ‘தி பில்’லை ஒரு சோப் ஆக மாற்றினார். ஸ்டேஷனில் ஒரு தீ விபத்து வைத்து ஆறு கதாபாத்திரங்களை ஒரே அடியில் முடித்தார். அதன்பின் காதல், துரோகம், வீட்டுச் சண்டை எல்லாம் உள்ளே வந்தன. பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், புதியவர்கள் வந்தார்கள். 2005-இல் அடுத்து வந்த ஜொனாதன் யங் மறுபடியும் தனித்தனி வழக்குகளின் பக்கம் திருப்பினார். கதவு திறந்து, மறுபடி பாதி சாத்தப்பட்டது.

ஆக, ‘தி பில்’ வீட்டை விட்டு வெளியே வந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் ‘ஹோல்பி ப்ளூ’ வீட்டுக்குள் போக முடிவுசெய்தது.

20 மணி நேரம் என்றால் எவ்வளவு?

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடலாம். பொறியாளர் புத்தி, விடாது.

‘ஹோல்பி ப்ளூ’வின் ஒரு எபிசோட் சுமார் ஒரு மணி நேரம். 20 எபிசோட், 20 மணி நேரம். அதே காலத்தில் ‘ஈஸ்ட் எண்டர்ஸ்’ வாரத்துக்கு நான்கு அரைமணி எபிசோட், அதாவது வாரம் 2 மணி நேரம். ஆகவே ‘ஹோல்பி ப்ளூ’வின் மொத்த ஆயுளும் ‘ஈஸ்ட் எண்டர்ஸ்’ கணக்கில் 10 வாரம். அந்த 20 மணி நேரத்தில் பாதி வழக்குகளுக்குப் போய்விடும் என்று வைத்தால், குடும்பங்களுக்குக் கிடைத்தது 5 வாரம். ஐந்து வாரத்தில் ஒரு சதுக்கத்து ஆட்களின் பெயரே மனதில் பதியாது. இதில் டிக்சனுக்கு 21 வருடம் கிடைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று இடைவெளி. முதல் பருவம் 2007 கோடையில் எட்டு வாரத்தில் முடிந்தது. இரண்டாவது 2008 மார்ச்சில் வந்தது. நடுவே கிட்டத்தட்ட ஒன்பது மாதம். துப்பறியும் தொடருக்கு இது பாதகமில்லை, புது வழக்கோடு வரலாம். சோப்புக்கு இது விஷம். சோப் என்பது பழக்கம். மாலையில் பல் தேய்ப்பது மாதிரி, நடுவில் ஒன்பது மாதம் விட்டுவிட்டு ‘எங்கே விட்டோம்’ என்று தொடர முடியாது.

நேரமும் கைகொடுக்கவில்லை. இரண்டாம் பருவத்தை வியாழன் இரவு 8 மணிக்குப் போட்டார்கள். அதே நேரத்தில் ஐடிவியில் ‘தி பில்’. போலீஸ் கதை பார்க்க விரும்புகிறவர் இருபது வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த ஸ்டேஷனுக்குப் போவாரா, போன வருடம் எட்டு வாரம் மட்டும் பார்த்த ஸ்டேஷனுக்குப் போவாரா? தொடக்கத்தில் ‘ஹோல்பி சிட்டி’யோடு சேர்ந்த ஒரு இரட்டைக் கதையும் போட்டுப் பார்த்தார்கள். அதாவது அந்த ஸ்ட்ரெச்சர் வண்டியைச் செயற்கையாக ஸ்டேஷன் வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு வாரம் வந்தது. தினமும் வர வழியில்லை.

அப்படியானால் போலீஸ் ஸ்டேஷனை வைத்துச் சோப் எடுக்கவே முடியாதா? முடியும். ஆஸ்திரேலியாவில் செவன் நெட்வொர்க்கில் ‘காப் ஷாப்’ என்ற தொடர் 1977 முதல் 1984 வரை ஓடியது. கிராஃபோர்ட் நிறுவனத் தயாரிப்பு. ஸ்டேஷனும் வீடும் கலந்த கதைதான். 500 எபிசோடுகளைத் தாண்டியது. வித்தியாசம் எங்கே? வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். வழக்குக்கும் இடம் இருந்தது, வீட்டுக்கும் இடம் இருந்தது. இரண்டு கடிகாரம் மாட்ட வேண்டுமென்றால் சுவர் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்?

இதுவரை சொன்னதெல்லாம் இயந்திரத்தைப் பற்றி. இதோடு நிறுத்தினால் ‘நேரம் போதவில்லை, போட்டி அதிகம்’ என்று எந்தத் தோற்ற தொடருக்கும் எழுதக்கூடிய முடிவுதான் வரும். ஆனால் இந்தக் கதவுக்கு ஒரு தனிக் கனம் இருக்கிறது.

ஒரு டாக்டர் வீட்டில் சண்டை என்றால் அது அந்த வீட்டு விஷயம். போலீஸ்காரர் வீட்டில் அடிதடி என்றால்? அடிபட்டவர் யாரை அழைப்பார்? போனை எடுத்துப் போலீசை அழைத்தால், வாசலில் வந்து நிற்பவர் கணவரின் சக ஊழியராக இருக்கலாம். போன வாரம் அதே வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனவராகக்கூட இருக்கலாம். புகாரை எழுதுபவர், விசாரிப்பவர், கோப்பைத் திறந்து பார்க்கக்கூடியவர் எல்லோரும் அவர் பக்கத்து மேசைக்காரர்கள்.

கற்பனையாகச் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் ‘சென்டர் ஃபார் விமன்ஸ் ஜஸ்டிஸ்’ என்ற பிரிட்டிஷ் அமைப்பு சரியாக இதைப் பற்றி ஒரு ‘சூப்பர் கம்ப்ளெய்ன்ட்’ கொடுத்தது. தனி ஒருவரின் வழக்காக இல்லாமல், போலீஸ் முறையிலேயே இருக்கும் கோளாறு பற்றி அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் புகார் கொடுக்க அங்கே இருக்கும் ஒரு வழி அது. போலீஸ்காரர்களே வீட்டு வன்முறை செய்யும்போது என்ன நடக்கிறது என்பதுதான் புகாரின் பொருள். மூன்று கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து ஆராய்ந்து 2022 ஜூனில் அறிக்கை வெளியிட்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய புகார்களைப் போலீஸ் கையாளும் விதத்தில் முறை சார்ந்த பலவீனங்கள் இருக்கின்றன என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது.

1962-இல் பாப் ஸ்டீல் வீட்டுச் சுவரில் இருந்த கறை இப்போது வேறு மாதிரித் தெரிகிறதா? அன்று ஒரு எழுத்தாளர் சில நிமிடக் காட்சியில் வைத்த கேள்வியை, அரசு அமைப்புகள் கையில் எடுக்க அறுபது ஆண்டு ஆனது. ‘நிறுத்துங்கள்’ என்று லண்டனுக்கு ஓடிய அதிகாரிக்கு அது போலீசின் பெயரைக் கெடுப்பதாகத் தெரிந்தது. அந்த வீட்டில் நின்றிருந்த பெண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்பது அந்தச் சண்டையில் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

இப்போது கேசி எய்ன்ஸ்வொர்த்துக்கு வருவோம். ‘ஹோல்பி ப்ளூ’வுக்கு வருமுன் அவர் ‘ஈஸ்ட் எண்டர்ஸ்’ தொடரில் லிட்டில் மோ. கணவன் ட்ரெவரின் கொடுமையை மாதக்கணக்கில் தாங்கி, 2001-இன் கடைசி இரவில் இஸ்திரிப் பெட்டியால் அவனைத் திருப்பி அடித்த பெண். பிரிட்டன் முழுக்க அந்தக் கதையைப் பேசியது. அது வேலை செய்ததற்குக் காரணம், பார்ப்பவர்கள் லிட்டில் மோவோடு அந்த வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்தார்கள். மெதுவான கடிகாரத்தின் வலிமை அது.

அதே நடிகைக்கு ‘ஹோல்பி ப்ளூ’வில் இன்ஸ்பெக்டர் சீருடை. அதே எழுத்தாளர் வட்டம். இரண்டையும் சேர்த்து வைக்கும் கேள்வி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் தொடரின் மையம் அங்கே போகவில்லை. அதன் மையம், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் தவிக்கும் போலீஸ்காரர். கீனனின் உடைந்த திருமணத்தை நாம் பெரும்பாலும் கீனனின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் பார்க்கிறோம். வீட்டுக்குள் கேமரா போனது, ஆனால் போலீஸ்காரரோடு சேர்ந்து சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு போனது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களோடு அது காத்திருக்கவில்லை. குடும்பத் தொடர் என்பது காத்திருப்பவர்களின் கதை. காத்திருப்பவர்களுக்குச் சொந்தக் கதை இல்லாதபோது வீட்டுக் காட்சிகள் எல்லாம் இரண்டு வழக்குகளுக்கு நடுவே வரும் இளைப்பாறல் ஆகிவிடுகின்றன.

18 எபிசோடில் முடிந்த இன்னொன்று

எண்ணிக்கை குறைவு என்பதே தோல்வி இல்லை என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. சாலி வெயின்ரைட் எழுதிய ‘ஹேப்பி வேலி’. 2014, 2016, 2023 என்று மூன்றே பருவம், ஒவ்வொன்றிலும் ஆறு, மொத்தம் 18 எபிசோட். ‘ஹோல்பி ப்ளூ’வைவிட இரண்டு குறைவு. நடுவில் ஏழு வருட இடைவெளி வேறு. ஆனால் 2023 பிப்ரவரியில் அதன் கடைசி எபிசோட் வந்தபோது நாடே உட்கார்ந்து பார்த்தது.

மேற்கு யார்க்‌ஷயரில் சார்ஜென்ட் கேத்தரின் கவுட். தற்கொலை செய்துகொண்ட மகளின் பிள்ளை ரையனை வளர்க்கிறார். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வரும் தங்கை கிளேர் கூட இருக்கிறார். பேரனின் தகப்பன், மகளைச் சிதைத்த குற்றவாளி. இங்கே வழக்கு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று பிரிக்கவே முடியாது. வழக்கே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் போய்க்கொண்டு இருக்கிறது. இரண்டு கடிகாரம் இல்லை, ஒன்றுதான். கதை எங்கே முடிகிறது தெரியுமா? பார்க்காதவர்களுக்காக விவரம் சொல்லவில்லை. ஆனால் அந்த இறுதி மோதல் நடக்கும் இடம் கேத்தரின் வீட்டுச் சமையலறை.

1962-இல் கறை இருந்ததும் ஒரு போலீஸ்காரர் வீட்டில் சாப்பிடும் இடத்துச் சுவரில்தான்.

ஆக, ‘ஹோல்பி ப்ளூ’ சரியான கதவைத்தான் தட்டியது. போலீஸ்காரர்களுக்கும் வீடு இருக்கிறது என்று காட்ட நினைத்ததில் தவறே இல்லை. ஆனால் டிக்சன் காலத்திலிருந்தே எல்லோருக்கும் அது தெரியும். அந்த வீட்டிலிருந்து பார்த்தால் போலீஸ் எப்படித் தெரிகிறது என்பதுதான் இன்னும் யாரும் முழுசாகச் சொல்லி முடிக்காத கதை. அடுத்த முறை ஏதாவது ஒரு போலீஸ் தொடரில் நாயகன் இரவு வீடு திரும்பும் காட்சி வந்தால், கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். வாசலில் அவரோடு நிற்கிறதா, இல்லை உள்ளே சாவிச் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருப்பவரோடு இருக்கிறதா? அதிலேயே அந்தத் தொடரைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.